உடைந்த பக்கம்

என் வேலை சின்னது.
பொது இடத்துப் பலகைகளில்
தமிழ் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பது.
எழுத்துருவைக் கணினி மென்று துப்பிய நாட்களில்
ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்,
துணைக்கால் தனியே நொண்டும்,
புள்ளிகள் கொசுக்களாய்ப் பறந்திருக்கும்.
சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்கு.
கொம்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

ஜூரோங்கில் ஒரு பலகை
மூன்று வாரம் தப்பாகவே நின்றது.
எத்தனை தமிழர் கடந்தார்களோ,
எழுதியது ஒருவன்தான்.
அடியில் இருந்த எண்ணுக்கு அவன் அனுப்பியது
நாலு மேசை தாண்டி என்னிடம் வந்தது:
"மேம்பாலம் ஒடஞ்சு கெடக்கு. சரி பண்ணுங்க."

பெயர் இருளப்பன். கமுதிக்காரன்.
ரயில் சுரங்கத்துக்காகப் பாறையில் வெடி வைக்கிறவன்.
கண்ணில் படுகிற தமிழையெல்லாம் படித்துவிடுவானாம்,
மருந்துச் சீட்டு, மளிகைப்பை, எச்சரிக்கை.

ஞாயிறு தேக்காவில் டீ வாங்கிக் கொடுத்தேன்.
"யாராலயும் படிக்க முடியாத கல் ஒண்ணு இருக்கு,
பாக்கறியா?" என்றேன்.
"யாராலயுமா?" என்று எழுந்துவிட்டான்.

அருங்காட்சியகக் குளிரில்
கண்ணாடிக்குப் பின்னால் அது.
ஒரு பெரிய பாறையின் சிறு துண்டு,
மழை தின்று மிச்சம் வைத்த எழுத்துகள்.
எனக்குத் தெரிந்த கதைகளைச் சொன்னேன்.

மீன் பிடித்த அடிமை ஒருவன்
வலையைக் கொள்ளையடித்த பூதத்தின் தாடியைப் பிடித்தானாம்,
அது கக்கியதைத் தின்று பலசாலி ஆனானாம்.
கலிங்கத்திலிருந்து ஏழு கப்பலோடு வந்த மல்லன்
முழங்கால்வரை மட்டுமே தூக்கிய கல்லை
இவன் ஆற்றுவாய்க்கு வீசினானாம்.
பந்தயத்தில் கப்பல் ஏழும் போயின.

"தோத்தது நம்ம ஆளா?"
"கலிங்கம்னா ஒரிசாப் பக்கம்."
"அப்பச் சரி."
இந்தக் கரைக்கு அன்று
நாம் எல்லோருமே கலிங்கம்தான்.
அதை நான் சொல்லவில்லை.

ஆற்றுவாயில் காடு வெட்டியவர்கள் கண்டது
எழுத்தேறிய ஒரு பாறை.
பயந்துபோய்க் கத்தியைக் கீழே போட்டார்களாம்.
பிறகு பண்டிதர்கள் வந்தார்கள்.
கோதுமை மாவைப் பிசைந்து அச்சு எடுத்தார்கள்.
தமிழ் என்றார் ஒருவர், பாலி என்றார் ஒருவர்,
சாவக எழுத்து என்றார் இன்னொருவர்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றில்
இடம் வேண்டுமென்று வெடி வைத்தார்கள்.
பாதி, சாலைக்கு ஜல்லி.
ஒரு துண்டு கருவூலத் திண்ணெனக் கிடந்தது
காவல் சிப்பாய்கள் உட்கார.

அந்தச் சிப்பாய்களில் ஒருவனுக்கு
முனிரத்தினம் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.
ஆவணத்தில் அவன் இல்லை.
வெயில் ஏறிய மதியத்தில் அவன் எழுந்துபோகும்போது
கால்சட்டையின் பின்புறம்
ஒரு சாம்ராஜ்யத்தின் மூன்று வரிகள்
தலைகீழாகப் பதிந்திருக்கும்.
படிக்க ஆள் இல்லை.

இருளப்பன் சிரிக்கவில்லை.
அவன் எழுத்தின் பக்கமே நிற்கவில்லை.
சுற்றிப்போய், குனிந்து,
கல்லின் முரட்டு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து படிந்து மறைந்தது.

"அவசரக்காரன் வச்ச வெடி.
மருந்து கூடிப்போச்சு.
தொளை இந்த மூலைக்கு வெளிய போட்டிருப்பான்,
இங்கருந்து அடி வாங்கி இப்பிடி ஓடியிருக்கு, பாருங்க."
விரல் கண்ணாடிமேல் ஒரு கோடு இழுத்தது.
"நிதானமா வச்சிருந்தா
ரெண்டாப் பொளந்து முழுசா எடுத்திருக்கலாம்."

காவலர் தொடக்கூடாதென்று சைகை காட்டினார்.
அவன் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.
அவன் காட்டிய கோட்டில்
நான் நின்றுகொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒரு செய்தி:
"அக்கா, மேம்பாலம் இன்னும் மாறல."